முதலில் வெட்டுவதற்கு ஓர் இடம்: வீட்டில் தையல் மூலை அமைக்கும் முழு வழி

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குத் தையல் பழக வரும் பெண்கள் முதல் நாளே கேட்பது, "எந்த மிஷின் வாங்கலாம், அதை எங்கே போடலாம் அக்கா?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "துணியை எங்கே விரித்து வெட்டப் போகிறாய்?" பெரும்பாலும், "தரையில்தான்" என்று பதில் வரும். அந்தப் பதிலை மாற்றுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் தரையில் வெட்டியவள்தான். திருமணமாகி வந்த மறுவருடம் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் நிச்சயதார்த்தப் பட்டுப் புடவையைக் கொடுத்து, அதிலேயே இருந்த ரவிக்கைத் துணியை வெட்டித் தைத்துத் தரச் சொன்னார். கூடத்தில் பாய் விரித்து, புடவையைப் பரப்பி, மண்டியிட்டுக் குனிந்து வெட்டினேன். தரையில் வெட்டும்போது கத்தரியின் கீழ் அலகு பாயை உரசிக்கொண்டே போகும்; அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பாதி வெட்டியபோது கத்தரி திடீரென்று கனத்தது. ஒற்றைத் துணிக்குப் பதில் இரட்டைத் துணி மாட்டினால் வரும் கனம் அது. நிறுத்திவிட்டுத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மடிந்து கிடந்த புடவையின் உடல் பகுதியில் மூன்று விரல் நீளத்துக்குக் கீறல். அந்தப் புடவையின் விலையை எட்டு மாதம் சிறுகச் சிறுகக் கட்டினேன்.

மறுநாள் காலை என் மாமியார் மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த பழைய வேப்பமரக் கதவைக் காட்டி, "இதைக் கழுவி எடுத்துக்கொள் கண்ணு, நின்று வெட்டு" என்றார். இன்றும் அந்தக் கதவின் மேல்தான் வெட்டுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வெளிச்சத்தைப் பாருங்கள்

எந்தச் சாமானும் வாங்காமல் ஒரு நாள் முழுக்க வீட்டைக் கவனியுங்கள். காலை ஒன்பது மணி, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு ஆகிய மூன்று வேளையும் ஊசியில் கறுப்பு நூலைக் கோத்துப் பாருங்கள். எந்த இடத்தில் கண்ணைச் சுருக்காமல் கோக்க முடிகிறதோ அதுவே தையலுக்குரிய இடம். சோதனைக்குக் கறுப்பு நூலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளை நூல் மங்கிய வெளிச்சத்திலும் தெரிந்துவிடும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தையலைப் பிரிக்க வேண்டி வரும்போதுதான் வெளிச்சத்தின் அருமை தெரியும்.

ஓட்டு வீடாக இருந்தால் பெரும்பாலும் திண்ணைதான் வெளிச்சமான இடம். ஆனால் தெருப் புழுதியும் மழைச்சாரலும் அங்கே வரும். கோழியும் ஏறும். கையால் தைக்கவும் கொக்கி வைக்கவும் திண்ணை நல்லது. மிஷினை அங்கே நிரந்தரமாகப் போடாதீர்கள். தளம் போட்ட மெத்தை வீட்டில் கிழக்கு அல்லது வடக்கு ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜன்னலின் மாலை வெயில் நேராகத் துணி மேல் விழும். சித்திரை, வைகாசியில் அந்த அறையில் உட்காரவும் முடியாது, வெயில் பட்டுப் பட்டு நூல்கண்டின் சாயமும் வெளுக்கும். தகரக் கூரை போட்ட அறையைத் தவிர்க்க முடியாது என்றால் விடியற்காலையில் வெட்டி வைத்துக்கொண்டு மாலையில் தைப்பது என்று வேலையை மாற்றி வையுங்கள். வியர்த்த கையால் பட்டுத் துணியைத் தொட்டால் படியும் கறை எளிதில் போகாது.

கூரை மின்விசிறி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அதற்கு நேர்கீழே வெட்டு மேசையைப் போட்டால் அளவுக் காகிதமும் ஷிஃபான் துணியும் பறந்துகொண்டே இருக்கும். விசிறியை நிறுத்தினால் வியர்க்கும். மேசையை விசிறியிலிருந்து நான்கடியாவது தள்ளிப் போடுங்கள், அல்லது காற்று உங்கள் முதுகுப் பக்கம் மட்டும் படும்படி ஒரு மேசை விசிறியைத் தரையில் வையுங்கள்.

வெட்டு மேசை

இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மிஷின் தையலில் வரும் தவறைப் பிரித்துத் திருத்திவிடலாம். தவறாக வெட்டிய துணி வெட்டியதுதான்.

முதலில் அகலம். ரவிக்கைத் துணியும் லைனிங் துணியும் பெரும்பாலும் 36 முதல் 44 அங்குல அகலத்தில் வரும். இரண்டாக மடித்தால் 22 அங்குலத்துக்குள் அடங்கும். சட்டை, பேன்ட் துணி 58 அங்குலம் வரை வரும், மடித்தால் 29. ஆகவே 30 அங்குலம், அதாவது இரண்டரை அடி அகலம் இருந்தால் எந்தத் துணியையும் மடித்த நிலையில் முழுதாக விரிக்கலாம். நீளத்தைச் சுடிதார் டாப்பை வைத்து முடிவு செய்யுங்கள். அதன் நீளம் 42 முதல் 46 அங்குலம் இருக்கும். நான்கு அடிக்குக் குறைந்தால் துணியின் முனை மேசையிலிருந்து தொங்கும்; தொங்கும் துணி தன் கனத்தால் மற்றதை இழுக்கும், அளவு கோணலாகும். நான்கு அடிக்கு இரண்டரை அடி என்பதே குறைந்தபட்ச அளவு. ஆறடி கிடைத்தால் ஒரு முனையை இஸ்திரிக்கு விடலாம்.

பழைய வீட்டுக் கதவு ஆறடிக்கு மேல் நீளமும் இரண்டரை அடிக்கு மேல் அகலமும் இருக்கும். வீடு இடித்துக் கட்டும் இடங்களில் இப்படிப்பட்ட கதவுகள் மலிவாகக் கிடைக்கும். இல்லையென்றால் எட்டுக்கு நான்கு அடி ப்ளைவுட் பலகை ஒன்றை வாங்கி மரக்கடையிலேயே அறுத்து வாங்குங்கள். மிஞ்சும் துண்டு நூல் பலகைக்கும் அலமாரித் தட்டுக்கும் ஆகும்.

அடுத்தது உயரம். பலரும் சாப்பாட்டு மேசையில் வெட்டலாம் என்று நினைக்கிறார்கள். அது சுமார் 30 அங்குல உயரந்தான். ஒரே ஒரு துணி வெட்டினால் வலி தெரியாது. தீபாவளி நேரத்தில் ஒரே நாளில் பத்து ரவிக்கை வெட்டினால் இடுப்பு சொல்லிவிடும். கட்டிலின் மேல் வெட்டுவது தரையைவிட மோசம், மெத்தை அமுங்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க வெறுங்காலில் நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை ஒருவரை அளக்கச் சொல்லி, அதில் நான்கு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்தடி உயரமுள்ளவருக்கு 34 அங்குலத்துக்குப் பக்கத்திலும், ஐந்தடி நான்கு அங்குலம் இருப்பவருக்கு 36க்குப் பக்கத்திலும் வரும்.

கால்களுக்கு மூன்று வழிகள் உண்டு. வெல்டிங் பட்டறையில் உங்கள் அளவு சொல்லி இரண்டு இரும்பு ஸ்டாண்டு செய்து வாங்குவது மிக உறுதியானது. செலவு குறைய வேண்டும் என்றால் ஹாலோ பிளாக் கற்கள். ஒரு கல்லின் உயரம் 8 அங்குலம்; நான்கு கல் அடுக்கினால் 32, மேலே ஒன்றரை அங்குலக் கதவு வைத்தால் 33 அரை. என் மேசை அப்படித்தான் நிற்கிறது. கற்களை வெறுமனே அடுக்கி விடாதீர்கள், இடையில் சிமெண்டு பூசிவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இது கட்டாயம். மூன்றாவது வழி இடமே இல்லாத வீட்டுக்கு: சுவரில் கீல் வைத்துப் பலகையை மடக்கித் தூக்கும்படி பொருத்தி, மடக்குத் தாங்கி இரண்டு கொடுக்கலாம். வேலை முடிந்ததும் சுவரோடு சாய்ந்துவிடும். ஆனால் ஹாலோ பிளாக் சுவரில் ஆணி நன்றாகப் பிடிக்காது. கொத்தனாரிடம் கேட்டு, ஆணி இறுகப் பிடிக்கும் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

மேசை நின்றதும் உடனே துணியை விரிக்காதீர்கள். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பிறகு பழைய ஷிஃபான் துப்பட்டா ஒன்றை எடுத்து, ஓரம் முழுக்க லேசாக அழுத்தி இழுத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே விரலால் தடவினால் மயிரிழை போன்ற சிலும்பு ஒன்று தட்டுப்படும். அதைத் தேய்த்துவிட்டு மறுபடியும் இழுங்கள். துப்பட்டா எங்கும் தயங்காமல் நழுவி வரும் வரை இதைச் செய்தால், நாளைக்கு யாருடைய பட்டிலும் இழை இழுக்காது.

மேசையின் நீள ஓரத்தில் அங்குலக் கணக்கைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரும்பு ஸ்கேலையே பயன்படுத்துங்கள். இஞ்ச் டேப் நாளாக நாளாக நீளும். உங்களிடம் உள்ள டேப்பை இப்போதே இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். 36 அங்குலத்தில் கால் அங்குலம் வித்தியாசம் வந்தாலும் தூக்கிப் போடுங்கள். அளவு சரியாக எடுத்தேன், கழுத்து மட்டும் ஏன் இறங்குகிறது என்று மாதக்கணக்கில் குழம்பிய மாணவி ஒருத்தியின் டேப்பில் அரை அங்குலம் நீட்சி இருந்தது.

வெட்டும்போது துணி நகராமல் இருக்க எடை வைக்க வேண்டும். பட்டிலும் சாட்டினிலும் குண்டூசி குத்தினால் துளை நிற்கும், எடைதான் சரி. நம் பக்கத்தில் இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் கழிவாகக் கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பக்கம் மெருகேறியதாகப் பார்த்து ஆறு துண்டுகள் எடுத்து வாருங்கள். ஓரம் கூர்மையாக இருக்கும், அப்படியே வைக்கக் கூடாது. வெட்டு மிச்சத் துணியில் சிறு உறை தைத்து ஒவ்வொன்றையும் அதற்குள் போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். புதிதாகத் தைக்கப் பழகுபவருக்கு நேர்த் தையல் பயிற்சியும் ஆயிற்று.

மிஷினைப் போடும் முறை

ரவிக்கை, சுடிதார், பாவாடை, பழைய துணி சீர்செய்வது என்று வீட்டளவில் தைக்கப் போகிறவருக்கு உஷா, சிங்கர், மெரிட் போன்ற கால்மிதி மிஷினே போதும். மின்சாரம் போனாலும் ஓடும். உதிரி பாகம் எந்தச் சிறு நகரத்திலும் கிடைக்கும். பிறகு மோட்டார் வைத்துக்கொள்ளலாம். பெங்களூரு, திருப்பூர் ஆலைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் பெண்கள் பழகிய கையோடு பவர் மிஷினையே வாங்க விரும்புகிறார்கள். ஒரே மாதிரியான துணியை நூற்றுக்கணக்கில் தைக்கும் ஆர்டர் கையில் இருந்தால் வாங்கலாம். நாளைக்கு மூன்று ரவிக்கை என்றால் அது வேண்டாம் என்பது என் கருத்து. அதன் மேசை பெரிது. பழைய வகை கிளட்ச் மோட்டார் நாம் தைக்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் சுழன்று மின்சாரம் குடிக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் சர்வோ மோட்டார் உள்ளதைக் கேளுங்கள், அது மிதித்தால் மட்டும் சுழலும்.

வாங்க வசதியில்லாதவர்கள் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வறுமையில் உள்ள பெண்கள் ஆகியோருக்காகச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. தையல் பழகியதற்கான சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மிஷினை ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் வரும்படி போடுங்கள். வலது கைப் பழக்கமுள்ளவருக்கு வெளிச்சம் இடமிருந்து வந்தால் கையின் நிழல் ஊசி மேல் விழாது. மிஷின் மேசையின் பின் ஓரத்தைச் சுவரோடு ஒட்டிவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. தைத்த துணி ஊசிக்குப் பின்னால்தான் போகும். சுவர் இடித்தால் அங்கேயே குவிந்து, துணியைத் தள்ளி, தையலை நெளிய வைக்கும். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது இது நன்றாகத் தெரியும். பின்னால் ஒன்றரை அடி, இடப்பக்கம் இரண்டடி விடுங்கள். வலப்பக்கம் சக்கரத்தில் கை தாராளமாகப் போய்வர வேண்டும்.

நான்கு கால்களும் தரையில் சமமாகப் பட வேண்டும். ஆடினால் சத்தம் வரும், பெல்ட் நழுவும். பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி நான்கு கால்களுக்கும் கீழே வையுங்கள். எது குட்டையோ அதற்கு இரட்டையாக. மண் தரையும் மரக்கால்களும் உள்ள வீட்டில் கறையானுக்குப் பயந்து, அடியில் கல் துண்டோ தகரமோ போட்டு மாதம் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

உட்காரும் இடம் ஊசிக்கு நேராக இருக்க வேண்டும். மேசையின் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் உடம்பை எப்போதும் இடப்பக்கம் திருப்பி வைத்திருப்பீர்கள். மாலையில் வலது தோள்பட்டை வலிக்கும். மூக்குக்கு நேரே ஊசி. அதுதான் கணக்கு. முழங்கை மிஷின் தட்டின் உயரத்துக்கு வர வேண்டும், பாதம் மிதிகட்டையில் முழுதாகப் பதிய வேண்டும். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் சணல் சாக்கை நான்காக மடித்து மேலே வையுங்கள். மெத்தென்ற பஞ்சுத் திண்டு வேண்டாம், மிதிக்கும்போது உடம்பு ஆடும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தையல் மிஷினுக்கென்று விற்கும் வெள்ளை எண்ணெயைத் தவிர வேறெதையும் விடாதீர்கள். சமையலறையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டால் சில வாரங்களில் பிசின் போல இறுகிவிடும். அப்படி இறுகிய பழைய மிஷின் கைக்கு வந்தால், ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு, நூல் கோக்காமல் பத்து நிமிடம் ஓட்டி, கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள். பிறகு மிச்சத் துணியில் தைத்துப் பார்த்து, கறை வராது என்று தெரிந்த பின்பே நல்ல துணியை வையுங்கள்.

இஸ்திரியும் மின்சாரமும் தண்ணீரும்

கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் இருக்கும் வித்தியாசத்தில் பாதி இஸ்திரிதான். தோள் இணைப்பு, கழுத்துப் பட்டி, பக்கத் தையல் ஒவ்வொன்றையும் போட்டவுடன் அழுத்தினால் துணி உட்காரும். எல்லாம் தைத்து முடித்த பிறகு மொத்தமாகத் தேய்த்தால் அந்த நேர்த்தி வராது. இஸ்திரிப் பெட்டி எட்டும் இடத்தில் இல்லையென்றால் நாம் அதைச் செய்ய மாட்டோம். வெட்டு மேசையின் ஒரு முனையில் பழைய கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே வெள்ளைப் பருத்தித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். மிஷினிலிருந்து எழுந்து இரண்டு அடி வைத்தால் எட்டும் தூரம் போதும். உட்கார்ந்த இடத்திலேயே எட்ட வேண்டாம்; அடிக்கடி எழுவது முதுகுக்கு நல்லது.

இஸ்திரிப் பெட்டிக்குச் சுவரில் தனி மூன்று முனை பிளக் வேண்டும், எர்த் கட்டாயம். மோட்டாரையும் விளக்கையும் இஸ்திரியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். கணக்கு எளிது: 1000 வாட் இஸ்திரிப் பெட்டி தொடர்ந்து ஒரு மணி நேரம் சூடாக்கினால் ஒரு யூனிட், சுமார் 100 வாட் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். பத்து மடங்கு இழுக்கும் பொருள் எது என்று தெரிந்தால் எந்தக் கம்பி சூடாகும் என்றும் தெரியும். ஒயரை மிதிகட்டைப் பக்கம் தரையில் விடக் கூடாது. ஊசிக்கு மேல் தனியாக ஒரு சிறு எல்இடி விளக்கு இருக்கட்டும். கரண்டு போகும் நேரத்துக்குச் சார்ஜ் விளக்கு ஒன்றும்.

தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமுமானது. அதிலுள்ள ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. போர்த் தண்ணீரைத் தெளித்துக் கறுப்பு, கருநீல ரவிக்கையைத் தேய்த்துப் பாருங்கள்; காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும். நீராவி இஸ்திரிப் பெட்டியின் துளைகளும் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். குழாயில் காவிரி நீர் வரும் வீடுகளில் அதையே ஒரு பாட்டிலில் பிடித்து, மேலே "இஸ்திரி" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வராத இடத்தில் மழை நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிடியுங்கள்.

லைனிங் துணியை ஊறவைக்கவும் ஒரு வாளியும் ஒரு கொடியும் இந்த இடத்துக்குப் பக்கத்தில் தேவை. பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணி பொம்மிக்கொண்டு நிற்கும்.

சாமான்களை அடுக்குதல்

அலமாரி வாங்க ஓடாதீர்கள். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி மண்டிக்கு வரும் பிளாஸ்டிக் கிரேட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மாம்பழக் காலத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கும் அவைதான். பழையது கிடைத்தால் நான்கு வாங்கி, சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே பழைய வேட்டித் துணி விரித்துக்கொள்ளுங்கள். துளைகள் வழியாகக் காற்று போகும், துணியில் பூஞ்சை வாடை வராது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிரும் ஈரமும் அதிகம். அங்கே ஊசிகளையும், அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸையும் திறந்து வைத்தால் துருப்பிடிக்கும், மூடியுள்ள டப்பாதான் சரி.

நூல்கண்டுகளுக்கு, ப்ளைவுட் மிச்சத்தில் இரண்டங்குல இடைவெளி விட்டு ஆணி அடித்துச் சுவரில் மாட்டுங்கள். ஆணி சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கண்டு நழுவி விழும். வெயில் படாத சுவராகப் பாருங்கள். நிறம் வாரியாக அடுக்குங்கள்: சிவப்பிலிருந்து அரக்கு வரை ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை என்று. புடவை வந்தவுடன் எந்தப் பச்சை இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நூலின் நிறத்தைக் கண்டாக வைத்துப் பார்க்காதீர்கள். ஓர் இழையை இழுத்துத் துணி மேல் கிடத்தி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு படி அழுத்தமான நிறம் எடுங்கள், வெளிர் நிறம் தையலைக் காட்டிக்கொடுக்கும்.

கத்தரி இரண்டு வேண்டும். ஒன்று காகிதத்துக்கு; பத்தங்குலக் கத்தரி துணிக்கு மட்டும். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிவிட்டால் வீட்டில் யாரும் அதை எடுத்துக் காகிதமோ பால் கவரோ வெட்ட மாட்டார்கள். சாணை பிடிப்பவர் தெருவில் வரும்போது, "துணிக் கத்தரி" என்று சொல்லிக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பிடித்து வாங்கி அங்கேயே ஒரு லைனிங் துண்டை நுனி அலகால் வெட்டிப் பாருங்கள். நுனி கடிக்காமல் வெட்ட வேண்டும்.

ஊசிகளை எண் வாரியாக வையுங்கள். மெல்லிய பட்டுக்கும் ஷிஃபானுக்கும் 11, பருத்தி ரவிக்கைக்கு 14, தடித்த துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. ஊசி மழுங்கியதும் தையல் தாண்டும், பட்டில் இழை இழுக்கும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது நல்ல வழக்கம். கழற்றிய ஊசியைக் குப்பையில் போடாமல், மூடியில் துளையிட்ட ஒரு டப்பாவுக்குள் போடுங்கள்.

கொக்கி, பட்டன், சாக், பாபின் இவற்றுக்கு மூடி இறுகும் எந்தச் சிறு டப்பாவும் ஆகும். லைனிங், கேன்வாஸ், ஃபால்ஸ் போன்ற தினமும் செலவாகும் சரக்கை மட்டும் மொத்தமாக வாங்கி வையுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பர்கூர் ஜவுளிக் கடைகளுக்கு ஒரு நாள் போனால், அடிக்கடி போகும் பத்து நிற லைனிங்கை ஒன்றாக எடுத்துவந்துவிடலாம்.

பிறர் துணி உங்கள் வீட்டில்

வெளியாருக்குத் தைக்கப் போகிறீர்கள் என்றால் இதற்கென்று கிரேட்டுகளும் ஒரு நோட்டும் முதல் நாளிலிருந்தே தனியாக இருக்க வேண்டும். துணி கைக்கு வந்ததும், கொடுத்தவர் எதிரிலேயே பிரித்து, கறையோ இழை இழுப்போ இருக்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். நோட்டில் வரிசை எண், பெயர், அளவு, கழுத்து மாதிரி, தருவதாகச் சொன்ன நாள், முன்பணம் எழுதுங்கள். அதே எண்ணை ஒரு வெள்ளைத் துணித் துண்டில் எழுதி, துணியின் ஓரத்தில் ஊக்கால் குத்துங்கள். காகிதச் சீட்டு வேண்டாம், கிழிந்து விழும். வெட்டிய பிறகு முதுகு, முன்பாகம், கை, பட்டி எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி, அதே எண்ணோடு கட்டிவிடுங்கள். இரண்டு அரக்கு ரவிக்கைகள் ஒரே வாரம் வந்தால் கைகள் மாறிப்போகும். ஒரு ஆடி மாதத்தில் எனக்கு அப்படி நடந்தது. இருவரும் உறவினர்கள் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

மூன்று கிரேட்டுகளை வரிசையாக வையுங்கள். முதலாவது வெட்டாத துணி, இரண்டாவது வெட்டிக் கட்டியது, மூன்றாவது தைத்துக் கொக்கி வைக்க வேண்டியது. முடிந்ததைக் கிரேட்டில் போடாமல் கொடியில் தொங்கவிடுங்கள். நடுவிலுள்ள கிரேட் நிரம்பிவிட்டால் புதிதாக வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தையுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இந்த ஒரு பழக்கம்தான் என்னைக் காப்பாற்றுகிறது.

இரவில் மூடுவது

வேலை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மிஷினில் துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் சேர்ந்த பஞ்சைச் சிறு பிரஷால் தட்டி எடுங்கள். பாபின் கேஸைக் கழற்றித் துடையுங்கள். ஒரு மடிப்பு வெள்ளைத் துணியை ஊசிக்குக் கீழே வைத்து, துணியை அழுத்தும் மிஷின் பாதத்தை இறக்கிவிடுங்கள். இரவில் கசியும் எண்ணெய் அதில் ஊறிவிடும், காலையில் முதல் துணியில் கறை படாது. மோட்டார் இருந்தால் பிளக்கைக் கழற்றுங்கள், கால்மிதியாக இருந்தால் பெல்ட்டை நழுவ விடுங்கள். குழந்தை மிதித்தாலும் ஊசி அசையாது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்து வாருங்கள். முதல் சுற்றில் இரண்டு குண்டூசி, ஒரு கொக்கி ஒட்டும். ஸ்டூலுக்கு அடியில் இன்னொரு முறை இழுங்கள், அங்கேதான் உடைந்த ஊசி முனை கிடக்கும்.